இரண்டாவது டவர்

தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் சுமார் 180 அடி. சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. கோயில் 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்தது. அதன் பழைய கோபுரம் சிதைந்து, தலைமுறைக் கணக்கில் மொட்டையாக நின்று, மறுபடி எழும்பி 1990இல் குடமுழுக்குக் கண்டது. எல்.ஐ.சி. கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதை ஒரு சிவில் இன்ஜினியர் தன்னிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார். அவர் இலஞ்சியில் பிறந்தவர். சென்னை அடுக்குமாடிகளில் காலம் கழித்தவர். உயரத்தைக் கண்டு மிரளாதே, நம்ம ஊரில் ஆட்கள் அந்த உயரத்தில் எப்போதோ நின்று வேலை பார்த்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

கோபுர வேலை நடந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். இலஞ்சியிலிருந்து தென்காசிக்கு சைக்கிளில் வந்தால் சாரத்தில் நிற்கும் ஆட்களைப் பார்க்காமல் வீடு திரும்பமாட்டார். ஆனால் தொழிலுக்கு வந்த பிறகு மேலே பார்த்ததைவிடக் கீழே பார்த்ததுதான் அதிகம். சென்னையில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை மண் பரிசோதனை. மூன்று கால் நாட்டி, கப்பியில் கயிறு போட்டு, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவார்கள். அடி எண்ணிக்கை கூடினால் மண் கெட்டி. நாலைந்து அடியிலேயே குழாய் இறங்கிவிட்டால் மண் இளக்கம். எண்ணுவதற்கு ஆள் போட்டிருந்தாலும் பக்கத்திலேயே நின்று தானும் எண்ணுவார்.

அந்தப் பழக்கம் பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது. 2014இல் சென்னையின் நடுப்பகுதியில் ஒரு பழைய பங்களா வளாகம் இடிக்கப்பட்டு, தலா 20 மாடிக்கு மேல் இரண்டு சொகுசு டவர்கள் கட்டும் வேலை தொடங்கியது. கீழே இரண்டடுக்கு பேஸ்மென்ட், நடுவில் இரண்டையும் இணைக்கும் போடியம், அதன் மேல் நீச்சல் குளம், கிளப் ஹவுஸ். சைட்டின் முழுப் பொறுப்பும் அவருடையது. டிராயிங்கில் இரண்டு டவரும் ஒன்றின் நகல் மற்றது. மண்ணுக்கு அது தெரியாதே. ஒரு டவருக்கடியில் பாறை சீக்கிரம் வந்தது. மற்றதற்கடியில் களிமண் இன்னும் கீழே வரை போனது. அஸ்திவாரத்துக்கு இறக்கும் பைலின் நீளம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வழியில்லை. ‘ஒரே பிளான்தானே, ஒரே ரிப்போர்ட் போதாதா?’ என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஒவ்வொரு டவருக்கும் தனித்தனியாக போர் போட்டுப் பார்த்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

அந்த ஆண்டு ஜூன் 28, சனிக்கிழமை மாலை, போரூருக்குப் பக்கத்தில் மவுலிவாக்கத்தில் மழையோடு மழையாக 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்தது. 61 பேர் செத்துப்போனார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், நம்ம தென்மாவட்டத்து ஆட்கள் எனப் பெரும்பாலும் கட்டட வேலைக்காரர்கள். இடி விழுந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று முதலில் ஒரு பேச்சு கிளப்பப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

மவுலிவாக்கத்தில் ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடங்கள் இருந்தன. ஒன்று விழுந்தது, மற்றது விழவில்லை. அதே பிளான், அதே உயரம், ஒரே கையால் கட்டப்பட்டது. அந்த இரண்டாவது கட்டடம் இரண்டு வருடத்துக்கு மேல் யாரும் குடியேறாமல் நின்றது. பிறகு 2016 நவம்பர் 2ஆம் தேதி மாலை வெடிவைத்துச் சில நொடிகளில் தரைமட்டமாக்கினார்கள். அந்த இரண்டு வருடமும் அவரிடம் பலர் கேட்ட கேள்வி, ‘இது நல்லாத்தானே நிக்குது, இதை எதுக்கு இடிக்கணும்?’ என்பது. நிற்பது ஒன்றே சரியாகக் கட்டியதற்குச் சாட்சியாகிவிடாது என்று அவர் பதில் சொல்வார். கட்டி முடிக்காத கட்டடத்தின் மேல் அதன் சொந்த எடை மட்டுமே இருக்கிறது. குடும்பங்கள், கட்டில் பீரோ, மாடித் தொட்டித் தண்ணீர், முப்பது வருட மழை, புயல் எதுவும் இன்னும் அதைச் சோதிக்கவில்லை.

இரட்டை டவர் வேலையின் தனிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. முதல் டவர் ஒழுங்காக எழும்பிவிட்டால், இரண்டாவதை எல்லோரும் மனப்பாடமாகக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். கம்பி கட்டுகிறவர் டிராயிங்கைப் பார்ப்பதில்லை. சூப்பர்வைசர் அளவு நாடாவை எடுப்பதில்லை. ‘அங்கே போட்டதைத்தானே சார் இங்கேயும் போடுறோம்’ என்பார்கள். அவர் சைட்டில் முதல் டவரைவிட இரண்டாவது டவருக்குத்தான் செக்லிஸ்ட் நீளம்.

இரண்டு டவருக்கும் சேர்த்துத்தான் சென்ட்ரிங் சாமான் வாங்குவார்கள். பலகை, ஜாக்கி, முட்டு எல்லாம் ஏ டவரிலிருந்து பி டவருக்குப் போய், திரும்பி வரும். கணக்குப் பார்த்தால் சிக்கனம். சைட்டில் அது ஓயாத இழுபறி. ஏ டவரில் ஸ்லாப் போட்டு நாலு நாள் ஆகியிருக்கும். பி டவரில் ஆட்கள் முட்டுக்காகச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சென்ட்ரிங் மேஸ்திரி சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், இன்ஜினியரைவிட மூத்தவர். நாலு பேர் முன்னால் ‘சார்’ என்பார். தனியாக இருந்தால் ‘தம்பி’.

“தம்பி, அங்கன பதினெட்டுப் பேரு சும்மா நிக்காங்க. நடு முட்டை மட்டும் உருவிக்கிடுதேன். ஸ்லாப் எங்க போயிரப் போவுது?”

“அண்ணாச்சி, மேல அடுத்த ஸ்லாப்புக்குக் கம்பி ஏறியாச்சு. அந்த வெயிட்டு முழுக்க இதுக்கு மேலதான வருது? நாள் ஆவாம ஒரு முட்டையும் தொடக்கூடாது.”

இந்திய கட்டுமானத் தரமான ஐ.எஸ். 456 இதற்கு நாள் குறித்திருக்கிறது. நாலரை மீட்டர் வரையிலான ஸ்லாப்புக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். ஆறு மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். அதற்குள் முட்டை எடுத்தால் அன்றைக்கே விழும் என்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தொய்யும், மயிரிழை போல வெடிக்கும். மேலே மார்பிள் போட்டு, கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்த பிறகு யாருக்குத் தெரியப் போகிறது? ஒவ்வொரு ஸ்லாப்பின் கீழும் கான்கிரீட் போட்ட தேதியையும் முட்டு எடுக்கலாகும் தேதியையும் சிவப்புப் பெயின்டில் எழுதிவைக்கச் சொன்னார். எழுத்து இருந்ததால் வாய்ச்சண்டை குறைந்தது. கூடுதலாக இன்னொரு செட் முட்டு வாங்கவும் அலுவலகத்தைச் சம்மதிக்க வைத்தார். அதற்கான செலவுக் கணக்கை மேசையில் வைத்தபோது பக்கத்திலேயே மவுலிவாக்கம் செய்தி வந்த பேப்பரையும் வைத்தாராம்.

இந்த அவசரத்துக்கு ஊற்றுக்கண் எது என்று வீடு வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டுக்கான பணம் பெரும்பாலும் கட்டுமான நிலையை ஒட்டித் தவணை தவணையாக வருகிறது. அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, ஒவ்வொரு ஸ்லாப் விழும்போதும் ஒரு தவணை. ஸ்லாப் போட்ட மறுநாள் வாங்குபவருக்குப் பணம் கேட்டுக் கடிதம் போய்விடும். சுவர், பூச்சு, குழாய், கியூரிங் இதற்கெல்லாம் அப்படிப் பெரிய தொகை வராது. ஆகவே ஸ்லாப் மேலே ஓடும். மற்ற வேலை கீழே நொண்டும். எந்த டவரில் விற்பனை நடக்கிறதோ அந்த டவருக்கே ஆளும் சாமானும் போகும். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி 2017இல் தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை ஆணையம் வந்தபோது, நடந்துகொண்டிருந்த வேலைகளையும் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தை அந்த வேலைக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும்; ஒப்பந்தம் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது; ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டியவர்தான் சரிசெய்ய வேண்டும். சைட் இன்ஜினியர்களுக்கு இந்தச் சட்டம் பெரிய பலம் என்று அவர் மனதாரச் சொல்கிறார். அதற்கு முன் ஒரு சைட்டின் பணம் அடுத்த மனைக்கு அட்வான்ஸாகப் போய்விட, கம்பிக்குக் காசில்லாமல் வேலை நிற்பது சகஜமாக இருந்தது.

கான்கிரீட் வருவது பெரும்பாலும் இரவில்தான். நகருக்குள் கனரக வண்டிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு உண்டு. ரெடிமிக்ஸ் கான்கிரீட் கொண்டுவரும் ஆர்.எம்.சி. வண்டி டிராஃபிக்கில் சிக்கி நேரம் கடந்து வந்தால் கலவை இறுகத் தொடங்கியிருக்கும். பம்ப்பில் ஏற வேண்டுமே என்று டிரைவர் தண்ணீர் பைப்பைத் திறப்பார். கலவையில் அப்படிச் சேரும் தண்ணீர் அத்தனையும் பலத்தைக் குறைக்கும். அவர் வண்டிக்கு வண்டி ஸ்லம்ப் பார்த்தார். 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பில் கலவையை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்துக் குத்தி, கூம்பை நேராக மேலே உருவினால் கலவை எவ்வளவு அமர்கிறது என்று தெரியும். வேண்டியதற்கு மேல் அமர்ந்தால் வண்டி திரும்பிப் போக வேண்டியதுதான். நள்ளிரவில் ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வர ஒன்றரை மணி நேரம் ஆகும்; அதற்குள் ஏற்கெனவே போட்ட கான்கிரீட் இறுகி, பழசும் புதுசும் ஒட்டாத கோல்ட் ஜாயின்ட் விழுந்துவிடும் அபாயம் உண்டு. இதற்காகவே ஸ்லாப்பில் எங்கே நிறுத்தலாம் என்பதை முன்னாலேயே டிராயிங்கில் குறித்து வாங்கி வைத்திருந்தார்.

எந்த வண்டி எந்த டவரில் எந்த மாடிக்குப் போனதோ அதிலிருந்து எடுத்து 15 சென்டிமீட்டர் கியூப் வார்த்து, ஈரத்திலேயே ஆணியால் டவர், மாடி, தேதி கீறி, மறுநாள் தொட்டித் தண்ணீரில் போடுவார்கள். 7ஆம் நாள் சிலவற்றை உடைத்துப் பார்ப்பார்கள், 28ஆம் நாள் மற்றவற்றை. ஏ டவர் கியூபும் பி டவர் கியூபும் வேறு வேறு தொட்டியில் கிடக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. ஒன்றில் குறைந்தால் மற்றதின் ரிசல்ட்டைக் காட்டிச் சமாளிக்கும் ஆசை யாருக்கும் வந்துவிடக்கூடாதல்லவா?

2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை மூழ்கியது. அப்போது சைட்டில் பேஸ்மென்ட் முடிந்து, ஏ டவர் சில மாடி ஏறியிருந்தது. பி டவர் தரைமட்டத்தில். நடுவில் போடியம் விழும் இடத்தில் மேலே எடையே இல்லை. பேஸ்மென்ட் என்பது பூமிக்குள் இறக்கிய காலித் தொட்டி. சுற்றி நிலத்தடி நீர் ஏறினால் அது அடித்தளத்தை மேலே தள்ளும்: ஒவ்வொரு மீட்டர் நீருக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் விசை. ஐந்து மீட்டர் நீர் என்றால் ஐந்து டன். இரண்டு மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் போட்டால்தான் எடைக்கு எடை சரியாகும். இல்லையென்றால் மேலே மாடிகள் ஏறி அமுக்க வேண்டும். அதுவரை சுற்றிலும் கிணறு போட்டு இரவும் பகலும் பம்ப் ஓடியாக வேண்டும்.

கரன்ட் போய்விட்டது. ஜெனரேட்டரில் பம்ப் ஓடியது. டீசல் வண்டி சைட்டுக்கு வர வழியில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். டிரம்மில் மிச்சம் இருப்பது விடியும்வரைகூடத் தாங்காது என்று தெரிந்ததும் அவர் செய்யச் சொன்னதைக் கேட்டு ஆட்கள் திகைத்துப்போனார்கள். தெருத் தண்ணீரை பேஸ்மென்ட்டுக்குள் விடச் சொன்னார். உள்ளே நிறைகிற தண்ணீரின் எடை, கீழிருந்து தள்ளும் தண்ணீரைச் சமாளிக்கும். பேஸ்மென்ட் மிதக்காது, தரை வெடிக்காது. ஃபோன் கிடைத்தபோது முதலாளி அலறினார்: “கட்டின பேஸ்மென்ட்டுக்குள்ள நீங்களே தண்ணி விட்டீங்களா?” விஷயத்தை அவர் பொறுமையாகச் சொன்னார். வெள்ளம் வடிந்து, நிலத்தடி நீர் இறங்குவதைக் கிணற்றில் அளந்து பார்த்து, அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இருந்த தண்ணீரை இறைத்தார்கள். சேறு வாரத்தான் நாள் பிடித்தது. தரையில் ஒரு வெடிப்பும் இல்லை.

மறு வருடக் கடைசி இன்னொரு சோதனை. நவம்பர் 2 மவுலிவாக்கத்தில் வெடி. நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு. டிசம்பர் 12 வர்தா புயல். நோட்டு விவகாரத்தில் வாரக் கூலி கொடுக்க வழியில்லாமல் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு புயலைப் பார்த்தாக வேண்டும். டவர் கிரேனைக் கட்டிப்போட வேண்டாமா என்று புதுப் பையன்கள் கேட்டார்கள். கட்டக்கூடாது. பிரேக்கை விடுவித்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் கை தானாகத் திரும்பும்படி விட்டுவிட வேண்டும். பிடித்து நிறுத்தினால் காற்றின் முழு வேகத்தையும் கம்பம் வாங்கி முறியும். இரட்டை டவரில் இரண்டு கிரேன். இரண்டும் சுற்றும்போது ஒன்றின் கை மற்றதைத் தொடாத உயரத்தில் இருக்கிறதா என்று முந்தின நாளே ஏறிப் பார்த்தாயிற்று. புயலன்று மதியம் இரண்டு கிரேனும் மெல்லத் திரும்பி ஒரே திசையைக் காட்டி நின்றன.

காற்று விஷயத்தில் அவர் சொந்த ஊர் அவருக்குச் சின்ன வயதிலேயே பாடம் சொல்லியிருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் காலத்தில் வரும் காற்றை நம்பித்தான் தென்காசி வட்டாரத்தில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தென்காசிக் கோயில் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும். அகலமாக வரும் காற்று குறுகிய வழியில் நுழையும்போது வேகம் கூடும். இரண்டு டவருக்கு நடுவே நடப்பதும் அதுவே. சென்னைக்கு வடிவமைப்பில் கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். டவர்களுக்கு இடையில் அது இன்னும் கூடலாம். அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியின் கனத்தையும் பால்கனிக் கைப்பிடியையும் அவர் தனியாகக் கணக்குப் போட்டு வாங்கினார். போடியத்தில் குழந்தைகள் விளையாடுமிடத்தை அந்த இடுக்கிலிருந்து நகர்த்தச் சொல்லி ஆர்க்கிடெக்டிடம் வாதாடினார்.

இரண்டு டவருக்கு நடுவில் விடும் இடைவெளி வெளிச்சத்துக்கும் தீயணைப்பு வண்டிக்கும் கூடத்தான். நொய்டாவில் 32 மாடி அபெக்ஸ், 29 மாடி செயான் என்ற இரட்டை டவர்களை 2022 ஆகஸ்ட் 28 அன்று சுமார் 3,700 கிலோ வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்களே, அந்த வழக்கில் பக்கத்துக் கட்டடத்துக்கு விட வேண்டிய இடைவெளியை விடாதது முக்கியமான குற்றச்சாட்டு. கொச்சி மரடில் 2020 ஜனவரி 11 அன்று தகர்க்கப்பட்ட ஆல்ஃபா செரீனும் இரட்டைக் கட்டடம்தான். அங்கே மீறப்பட்டது கடலோர ஒழுங்குமுறை விதி. இரண்டு வழக்கும் கான்கிரீட்டைப் பற்றியதில்லை. காகிதத்தில் இருந்த ஓட்டை கட்டடத்தைத் தின்றுவிட்டது.

ஒழுங்காகப் போட்டிபோட்ட இரட்டைக் கோபுரம் என்றால் அவர் கோலாலம்பூரைச் சொல்வார். பெட்ரோனாஸ் கோபுரங்கள் இரண்டையும் இரண்டு தனித்தனிக் கூட்டமைப்புகள் கட்டின: ஒன்றை ஜப்பானியர் தலைமையில், மற்றதைக் கொரியர் தலைமையில். 452 மீட்டர் உயரத்துக்குப் போகும் வேலையில் ஒரு கோபுரம் 25 மில்லிமீட்டர் விலகியிருப்பது தெரிந்து, அடுத்த மாடிகளில் அதைச் சரிசெய்துகொண்டே ஏறினார்கள். 25 மில்லிமீட்டரைக் கண்டுபிடித்ததும், அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டதும்தான் அவருக்குப் பெரிதாகப் படுகிறது. கொழும்பில் பேரை ஏரிக்கரையில், மோஷே சஃப்டி வடிவமைத்த ஆல்டேர் குடியிருப்பில் ஒரு டவர் வேண்டுமென்றே சாய்ந்து மற்றதன் மேல் தோள் கொடுத்து நிற்கிறது. உயரம் 240 மீட்டர். கொழும்புக்குப் போனால் அவர் பார்க்க ஆசைப்படுவது அந்தக் கட்டடத்தில் இரண்டும் சந்திக்கும் இடத்தைத்தான்.

சென்னை டவர்களை ஒப்படைத்த பிறகு அம்மாவைக் கூட்டிவந்து காட்டினார். மார்பிள் லாபி, லிஃப்ட், மேலிருந்து கடல் எல்லாம் பார்த்துவிட்டு அந்த அம்மாள் கேட்டது, “இதுல நமக்கு எத்தன சென்ட்டு நெலம் வரும்?” மரக்கால் விதைப்பாட்டில் வயலை அளந்த குடும்பம்; கேட்கத்தான் செய்வார்கள். கேள்வி மிகச் சரியானது. பத்திரத்தில் யு.டி.எஸ். என்று எழுதும் பிரிபடாத பங்குதான் வாங்குபவருக்கு நிலத்தில் உள்ள உரிமை. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடத்துக்கு நிலப்பரப்பைப் போல 3.25 மடங்கு வரை கட்டலாம். 1,500 சதுர அடி வீட்டுக்கு நிலம் 460 சதுர அடி அளவில் வரும். ஒரு சென்ட்டைவிடக் கொஞ்சம் அதிகம். கட்டணம் கட்டிக் கூடுதல் தளப்பரப்பு வாங்கினால் அதுவும் குறையும். கட்டடத்துக்கு வயதாகும், நிலத்துக்கு ஆகாது. ஐம்பது வருடம் கழித்து இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது அந்தப் பங்குதான் பேசும் என்று அவர் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்கிறார். யு.டி.எஸ்., மண் பரிசோதனை அறிக்கை, ஸ்ட்ரக்சுரல் டிராயிங், கியூப் ரிசல்ட் இந்த நாலையும் கேட்டு வாங்கச் சொல்கிறார். நீச்சல் குளத்தின் நீளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அவர் அதிகமும் ஊரில்தான் இருக்கிறார். 2019இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு, குற்றாலம் சாலையில் மனை விலை ஏறி, சீசனுக்கு வந்து தங்க அடுக்குமாடி கட்டும் ஆசை இங்கேயும் வந்துவிட்டது. எம்.சாண்டும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் புளியரை வழியாகக் கேரளாவுக்கு வரிசை கட்டிப் போகிற ஊர் இது, சாமானுக்குப் பஞ்சமில்லை. இலஞ்சியில் வயலை ஒட்டிய ஒரு மனையில் எதிரெதிராக இரண்டு பிளாக், தலா ஐந்து மாடி கட்டப் போவதாகச் சொந்தக்காரப் பையன் ஒருவன் பிளானோடு வந்தான். சிற்றாற்றுப் பாசனம் பாய்ந்த நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். “மாமா, ஒரு பிளாக்குக்கு மட்டும் மண்ணு டெஸ்ட் எடுத்தாப் போதும்லா?” என்றான். இரண்டு பிளாக்குக்கும் தனித்தனியாக எங்கெங்கே போர் போட வேண்டும் என்று பிளானில் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். ரிப்போர்ட் கைக்கு வரும்வரை அஸ்திவாரக் கம்பிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.